ஒரே முற்றத்தில் ஏற்றிய இரு விளக்குகள்

(விவேக் நகரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நான் புலவன் அல்லன். பட்டம் பெற்றவனும் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகின்றவன். ஆண்டு விழாவில் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டுமென்று செயலாளர் பணித்தபோது, திருக்குறளையோ சிலப்பதிகாரத்தையோ எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. அவற்றை முறையாகக் கற்றோர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆகவே, எல்லோரும் அறிந்த சினிமாவை எடுத்துக்கொண்டேன். சினிமா முழுவதையும் அன்று. ஓர் ஆண்டை மட்டும். அது 1954ஆம் ஆண்டு. நான் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்திய ஆண்டு.

அந்த ஆண்டை ஏன் தேர்ந்தேன் என்று கேட்பீர்கள். தமிழ்ப் படவுலகில் வேறு எத்தனையோ சிறந்த ஆண்டுகள் உண்டு. ஆனால், கன்னட நாட்டில் வாழும் தமிழர்களாகிய நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று அந்த ஆண்டில் அடங்கியிருக்கிறது. தமிழுக்கு ஒன்றும் கன்னடத்துக்கு ஒன்றுமாக இரு விளக்குகள் அவ்வாண்டில் ஏற்றப்பட்டன. இரண்டும் ஒரே முற்றத்தில் ஏற்றப்பட்டவை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் உலகை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம். சினிமா என்றால் அமெரிக்கா என்று சொல்லும் காலம் அது. அந்த அமெரிக்காவிலே படமுதலாளிகள் அப்போது கலங்கியிருந்தனர். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டி வந்துவிட்டது. கொட்டகைகளில் கூட்டம் குறைந்துவிட்டது. இழந்த கூட்டத்தை மீட்க 1953 முதல் சினிமாஸ்கோப் என்னும் அகன்ற திரையைக் கொண்டுவந்தனர். ஆயினும், 1954ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று ஆஸ்கார் பரிசு பெற்றது அகலத்திரைப் படமன்று. துறைமுகக் கூலித் தொழிலாளரின் துயரத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டிய ‘ஆன் தி வாட்டர்பிரண்ட்’ என்ற படமே அது. இயக்கியவர் இலியா கசான். நடித்தவர் மார்லன் பிராண்டோ. அதே ஆண்டில்தான் ஹிட்ச்காக் ‘ரியர் விண்டோ’ என்ற படத்தை எடுத்தார். கால் முறிந்து நாற்காலியில் கிடக்கும் ஒருவர், பொழுது போகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்து, ஒரு கொலையைக் கண்டுபிடிக்கும் கதை அது. விலையுயர்ந்த விந்தைகள் வேண்டியதில்லை. மனிதனைக் கூர்ந்து நோக்கினால் போதும் என்பதை அவ்விரு படங்களும் காட்டின.

சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975இல். ஆகவே, 1954இல் கோடம்பாக்கத்துக்கு அந்தப் பயம் இல்லை. அவ்வாண்டின் தமிழ்ப் படங்களின் பட்டியலைப் பார்த்தால் இன்றும் வியப்புண்டாகும். மார்ச்சில் ‘மனோகரா’ வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்துக்கு மு. கருணாநிதி வசனம் எழுத, சிவாஜி கணேசனும் கண்ணாம்பாவும் முழங்கிய படம் அது. ஜூலையில் ‘மலைக்கள்ளன்’. ஆகஸ்டு 26ஆம் நாள் ஒன்றிலேயே இரண்டு படங்கள்: ஒன்று ‘தூக்குத் தூக்கி’, மற்றொன்று ‘கூண்டுக்கிளி’. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் ‘கூண்டுக்கிளி’தான். இரு சிங்கங்கள் இருந்தும் அது ஓடவில்லை. ‘தூக்குத் தூக்கி’ ஓடிற்று. அக்டோபரில் எம். ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’, டிசம்பரில் ‘எதிர்பாராதது’. இத்தனையும் ஒரே ஆண்டில்!

இவற்றுள் ஒரு படத்தின் முன் மட்டும் சற்று நிற்போம். அது 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’.

பாட்டு இல்லை; நடனம் இல்லை; சண்டை இல்லை. அக்காலத் தமிழ்ப் படத்தில் இது நினைத்துப் பார்க்கவும் இயலாத துணிவு. அவ்வாறு துணிந்தவரோ வீணை வாசிப்பதில் வல்லவரான எஸ். பாலசந்தர். இசையே உயிராக வாழ்ந்தவர், பாட்டே இல்லாத படத்தை இயக்கினார்! அப்போது அவருக்கு வயது 27. ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ராஷோமோன்’ அவருக்குத் தூண்டுதலாக அமைந்தது. ஆனால், கதையை அவர் நம் மண்ணிலே நட்டார். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிச் சென்ற நிகழ்ச்சியைத் தாய்மார்களில் சிலர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கலாம். அந்தக் குண்டுவீச்சை ஒட்டிக் கதை தொடங்குகிறது. ரேடியோ இன்ஜினீயரான ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு விழுகிறான். கதாநாயகன் படத்தின் தொடக்கத்திலேயே இறந்துபோகிறான்! கொன்றவர் யார்? அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவராக வாக்குமூலம் கொடுக்கின்றனர். ஒவ்வொருவர் வாக்கிலும் ஒவ்வொரு ராஜனைக் காண்கிறோம். அந்த ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். திரைக்கு வந்து இரண்டாண்டுகூட நிரம்பாத நேரத்தில், தன் நாட்டையே காட்டிக்கொடுக்கும் ஒருவனாக நடிக்க அவர் இசைந்தார்.

ராஜனைச் சுட்டவர் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் சொல்வேன். நாடா, வீடா என்ற கேள்வி எழும்போது ஒரு பெண் என்ன செய்வாள் என்பதே அக்கதையின் உயிர்நாடி. அந்தப் பெண்ணாக, ராஜனின் மனைவி உஷாவாக நடித்தவர் பண்டரிபாய்.

படம் வந்தபோது ரசிகர் வரவேற்கவில்லை. பாட்டு எங்கே என்று கேட்டனர். ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்கு அது வசூலைத் தரவில்லை, பெயரைத் தந்தது. 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் ‘அந்த நாள்’ நற்சான்றிதழ் பெற்றது. அவ்வாண்டு வசூலில் வென்ற படங்கள் பலவற்றின் பெயரை இன்று தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. தோற்ற படத்தைப் பற்றி, எழுபது ஆண்டுகள் கழித்தும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்பொழுது பண்டரிபாயிடம் வருவோம். 1952இல் ‘பராசக்தி’யிலும் சிவாஜிக்கு ஜோடியாக நடித்தவர் இவரே. பின்னாளில் எத்தனையோ படங்களில் தாயாக வந்து நம்மை அழவைத்தவரும் இவரே. தமிழ் வீடுகளில் சொந்தத் தாயைப்போல் நினைக்கப்பட்ட இந்த அம்மையார் பிறந்த ஊர், கன்னட நாட்டின் கடற்கரையிலுள்ள பட்கல். ‘அந்த நாள்’ வெளிவந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. மே மாதம் 7ஆம் நாள் பண்டரிபாய் நடித்த மற்றொரு படம் வெளிவந்தது. அது தமிழ்ப் படமன்று, கன்னடப் படம். பெயர் ‘பேடர கண்ணப்பா’; அதாவது ‘வேடர் கண்ணப்பர்’.

அன்பர்களே, கதையைப் பாருங்கள்! காளத்தியப்பரின் கண்ணில் குருதி வழியக் கண்டு, தன் கண்ணைத் தோண்டி அப்பிய திண்ணனின் கதை. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியது; கன்னடக் கவிஞர் ஹரிஹரரும் நாயன்மார் வரலாறுகளைத் தம் ரகளைப் பாக்களில் பாடியிருக்கிறார். நம் திண்ணன் கன்னடத் திரையில் ‘தின்னன்’ ஆனான். அவன் கண்ணைக் கொடுத்த காளத்தியோ ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தமிழன் பாடினான்; தெலுங்கு மண் கோயில் கொண்டது; கன்னடம் திரையில் காட்டியது. இதில் யார் பங்கை யார் பிரித்துக் கொடுப்பது?

அப்படத்தை உருவாக்கியதிலும் அதே கூட்டுறவுதான். கன்னட நாடக மேடையின் பெருந்தகை குப்பி வீரண்ணாவின் நிறுவனமும் ஏவி.எம். நிறுவனமும் கைகோத்தன. இயக்கியவர் எச். எல். என். சிம்ஹா, இசை அமைத்தவர் ஏவி.எம். இசையமைப்பாளர் ஆர். சுதர்சனம். குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் பால பருவந்தொட்டு வளர்ந்த முத்துராஜ் என்ற இளைஞர் கண்ணப்பராக நடித்தார். அவருக்குத் திரைக்கென்று ஒரு பெயர் சூட்டினர். அந்தப் பெயர்தான் ராஜ்குமார்.

ஆம், கன்னட மக்கள் அண்ணாவ்ரு என்று போற்றுகின்ற டாக்டர் ராஜ்குமார் கதாநாயகனாக முதன்முதல் ஒளிவீசியது அந்த ஆண்டில், சென்னையில், நாயன்மார் ஒருவரின் வேடத்தில். நரசிம்மராஜு, ஜி. வி. ஐயர் ஆகியோர் பெயர்பெறத் தொடங்கியதும் அதே படத்தில்தான். அதே ஆண்டுத் தேசிய விருதுகளில் ‘பேடர கண்ணப்பா’வும் நற்சான்றிதழ் பெற்றது. ‘அந்த நாளு’க்கும் நற்சான்றிதழ்; ‘பேடர கண்ணப்பா’வுக்கும் நற்சான்றிதழ். இரண்டிலும் ஏவி.எம். கை இருந்தது, இரண்டிலும் கதாநாயகி பண்டரிபாய். ஒரே முற்றத்தில் ஏற்றிய இரு விளக்குகள் என்று நான் சொன்னது இதைத்தான்.

ராஜ்குமார் பிறந்த ஊர் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பெங்களூர் என்பர், அல்லது மைசூர் என்பர். அவர் பிறந்தது 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தாளவாடிப் பக்கத்துக் காஜனூரில். அன்று அது சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் ஜில்லா. இன்று தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரியாக மாநிலங்கள் அமைந்தபோது, அதே கோயம்புத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. தாளவாடி சென்னை மாநிலத்தில் நின்றது. கோடு எங்கே விழுந்தாலும் அவ்வூர் மக்கள் பேசும் மொழி மாறவில்லை. கன்னடத்தின் தலைமகன் பிறந்த ஊர் தமிழ்நாட்டில். தமிழ்த் திரையின் தாய் பிறந்த ஊர் கர்நாடகத்தில்!

இந்தக் கூட்டுறவு அன்பினால் மட்டும் விளைந்ததென்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. அதில் வியாபாரமும் இருந்தது. பெங்களூரில் நல்ல ஸ்டூடியோ வசதிகள் அமையாத காலம் அது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் பம்பாயில் எடுக்கப்பட்டது. முதல் கன்னடப் பேசும் படமான ‘சதி சுலோசனா’ 1934இல் கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. இரு குழந்தைகளும் வெளியூரில் பிறந்தவையே! பிற்பாடு தமிழ்நாட்டில் ஸ்டூடியோக்கள் எழுந்தபோது கன்னடப் படங்களில் பெரும்பகுதி அங்கே உருவாயின. ஒரு கதையைப் பல மொழிகளில் எடுத்தால் செலவு குறையும், சந்தை பெருகும் என்பதைப் படமுதலாளிகள் நன்கறிவர். கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ நாவலைத் தமிழில் எடுத்துத் தமிழுக்கான குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அத்தோடு நிறுத்தினாரா? தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் எடுத்தார். இந்தியில் திலீப்குமார் நடித்த ‘ஆசாத்’ அதுதான். கன்னடத்தில் ‘பெட்டத கள்ள’ அதுதான். பின்னர் அதே நாயுடு பெங்களூருக்கு வந்து சாமுண்டேசுவரி ஸ்டூடியோவை நிறுவினார். ஆதாயம் தேடி வந்தவர்கள்தாம். ஆனால், அவர்கள் விட்டுச்சென்றது ஆதாயத்தைவிடப் பெரிது.

என் தொழிலை ஒட்டியும் ஒன்று சொல்ல இடங்கொடுங்கள். அந்நாளில் படச்சுருள்கள் இரும்புப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ரயில் பார்சலாக ஊருக்கு ஊர் சென்றன. நான் வேலையில் சேர்ந்த புதிதில்கூட அப்பெட்டிகள் சில வந்துகொண்டிருந்தன. பார்சல் ஆபீசில் எடையைப் பார்ப்போம், தூரத்தைப் பார்ப்போம், ரசீதைப் பார்ப்போம். பெட்டிக்குள் இருக்கும் படம் எந்த மொழி பேசுகிறது என்று கேட்டுக் கட்டணம் போடுவதில்லை! அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை என்று வரும் இந்தப் பாதையில் 1864 முதல் ரயில் ஓடுகிறது. இப்பாதையில் வந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியவர்கள்தாம் நம்மில் பலருடைய பாட்டன்மார். 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சென்னை தென்மராத்தா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் ரயில்வே ஆகிய மூன்றையும் இணைத்துத் தெற்கு ரயில்வே அமைத்தனர். ஆகவே 1954இல் சென்னைக்கும் மைசூருக்கும் ஒரே ரயில்வே. 2003இல்தான் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மேற்கு ரயில்வே பிரிந்தது. நிர்வாகம் பிரிந்தது, தண்டவாளத்தை யாரும் பெயர்க்கவில்லை.

இனி, சற்றுக் கசப்பான செய்தியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1960களில் பெங்களூரில் கன்னடக் கிளர்ச்சிகள் எழுந்தன. எங்கள் தலைநகரத்துக் கொட்டகைகளில் எங்கள் படத்துக்கு இடமில்லையா, தமிழ்ப் படங்களே வாரக்கணக்கில் ஓட வேண்டுமா என்று கன்னட அன்பர்கள் கேட்டனர். நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுவோம்: அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையா? சென்னையிலே தமிழ்ப் படத்துக்கு இடமில்லாமல் போயிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? தன் வீட்டில் தன் மொழி ஒலிக்க வேண்டுமென்று விரும்புவது பகையன்று. பகை வேறிடத்தில் பிறக்கிறது. அடுத்த வீட்டுக்காரன் நம்மிடமிருந்து எதையும் பெறவில்லை, நாமும் அவனிடமிருந்து எதையும் பெறவில்லை என்று இரு சாராரும் மறந்துவிடும்போது அது பிறக்கிறது.

அந்த மறதியின் விலையை என் தலைமுறை கண்ணால் கண்டது. 2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இரவு, காஜனூர் வீட்டிலிருந்து ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். 108 நாள்கள் அவர் காட்டில் இருந்தார். அந்த 108 நாள்களும் இந்நகரத்துத் தமிழர் வீடுகளில் எப்படிக் கழிந்தன என்பதை இங்குள்ள மூத்தோருக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் தமிழ் பேசத் தயங்கினோம். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்வரை தாய்மார்கள் வாசலிலேயே நின்றனர். அவர் நலமாகத் திரும்ப வேண்டுமென்று அவ்வீடுகளிலும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டனர். அது பயத்தினால் மட்டும் வேண்டியதன்று. கண்ணப்பராக அவரைக் கண்டு கைகூப்பிய பாட்டிமார் நம் வீடுகளிலும் இருந்தனர். நவம்பர் 15ஆம் நாள் அவர் விடுதலையானார் என்ற செய்தி வந்தபோது, தமிழர் வாழ்ந்த தெருக்களிலும் மகிழ்ச்சி பொங்கிற்று.

இதன்பின் நடந்த நல்ல செய்தியும் ஒன்றுண்டு. அல்சூர் ஏரியருகே பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவர் சிலையைத் திறந்துவைத்த தமிழக முதலமைச்சர் யார்? 1954ஆம் ஆண்டு ‘மனோகரா’வுக்கும் ‘மலைக்கள்ள’னுக்கும் வசனம் எழுதிய அதே மு. கருணாநிதி. அந்த ஆண்டின் இழை எங்கெல்லாம் ஓடி வந்திருக்கிறது, பாருங்கள்! எம். ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’கூட 2003இல் உபேந்திராவின் நடிப்பில் கன்னடத்தில் மீண்டும் பிறந்தது.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாக நடந்ததென்றும் எண்ண வேண்டாம். 1955இல் ஹொன்னப்ப பாகவதரின் ‘மகாகவி காளிதாச’ என்ற கன்னடப் படத்தில் பெங்களூர்ப் பெண்ணொருத்தி அறிமுகமானார். பின்னர் கன்னடத்துப் பைங்கிளி என்று தமிழகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிற்று. அவர்தாம் சரோஜாதேவி. 2025ஆம் ஆண்டு ஜூலையில், பிறந்த ஊராகிய இந்தப் பெங்களூரிலேயே அவர் மறைந்தபோது இரு மாநிலமும் கண்ணீர் விட்டன. நம் வீட்டுத் திருமணத்துக்கு வந்த விருந்தாளியை எந்த மொழிக்காரர் என்றா கேட்கிறோம்? வந்தவர் உண்டு மகிழ்ந்தாரா என்றுதானே பார்க்கிறோம்?

அன்பர்களே! சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து என் உரையை முடித்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டனர் என்று நாம் கவலைப்படுகிறோம். அந்தக் கவலை எனக்கும் உண்டு. என் வீட்டிலும் உண்டு. அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் வகுப்பைச் சங்கம் விடாமல் நடத்த வேண்டும். அதனோடு, அடுத்த ஆண்டு விழாவில் இரண்டு மாலைப்பொழுதுகளை ஒதுக்க வேண்டுகிறேன். ஒரு மாலை ‘அந்த நாள்’; மறு மாலை ‘பேடர கண்ணப்பா’. இரண்டுக்கும் நம் தெருவிலுள்ள கன்னடக் குடும்பங்களை வீடுவீடாகச் சென்று நாமே அழைக்க வேண்டும். தமிழ்ப் படம் நடக்கும்போது அவர்களுக்கு நாம் பொருள் சொல்லுவோம். கன்னடப் படம் நடக்கும்போது நமக்கு அவர்கள் சொல்லட்டும். இரண்டிலும் பண்டரிபாய் அம்மையாரின் முகம் வரும்போது, இவர் எங்களவர் என்று இரு பக்கத்துப் பிள்ளைகளும் சொல்லுவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

செலவு பெரிதாகாது. நாற்காலி அடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.